குடி: யாருக்கு நோய், யாருக்கு ஒழுக்கக்கேடு?

குடிப்பவன் நோயாளியா, பழக்கத்துக்கு அடிமையானவனா, ஒழுக்கம் கெட்டவனா என்று இருநூறு வருஷத்துக்கும் மேலாக மருத்துவர்களும் நீதிபதிகளும் மதபோதகர்களும் விவாதித்து வருகிறார்கள். எங்கள் காலனியில் இந்த விவாதத்துக்கு இடமே இருந்ததில்லை. எங்களுக்கான பதிலை எங்களைக் கேட்காமலே எழுதி வைத்துவிட்டார்கள். "அதுங்களுக்கு எவ்ளோ செஞ்சாலும் குடிச்சே அழிச்சிடும்." கூலி ஏத்திக் கேட்டால் இதுதான் பதில். மனைப்பட்டா கேட்டாலும் இதுதான் பதில். பிள்ளைகளுக்கு உதவித்தொகை வந்தால், அப்பன் அதையும் குடிச்சிடுவான் என்று ஒரு பேச்சு. செத்தவன் குடும்பத்துக்கு நிவாரணம் அறிவித்தால், குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குக் காசு என்று ஒரு வழக்கு. குடி என்கிற ஒரே சொல்லை வைத்து நம்முடைய எல்லாக் கோரிக்கைகளையும் தள்ளுபடி செய்துவிட முடிகிறது. அதனால்தான் இந்தச் சொல்லின் வரலாற்றை நாமே எழுத வேண்டியிருக்கிறது.

நான் பிறந்தது காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளம். மற்ற ஊர்களைப் போலவே இங்கேயும் குடிக்கு இரண்டு அகராதி உண்டு. ஊர்த்தெருவில் ஒருத்தர் குடித்தால், 'அவருக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு' என்பார்கள். இன்னும் அதிகமாய்க் குடித்தால், 'வீட்டுல நிம்மதி இல்ல, பாவம்' என்பார்கள். கல்லீரல் கெட்டுப் படுத்துவிட்டால், 'உடம்பு சரியில்ல, மெட்ராஸ்ல வச்சிப் பார்க்கறாங்க.' காலனியில் ஒருத்தன் அதே கடையில் அதே சரக்கை வாங்கி அதே அளவு குடித்தால் அவன் குடிகாரன். அவன் மட்டுமா? அவன் தெருவே குடிகாரத் தெரு. ஒருத்தருக்கு அது நோய், இன்னொருத்தனுக்கு அது பிறவிக்குணம். தமிழில் குடி என்றால் குலம் என்றும் அர்த்தம். எங்க பக்கத்தில் குடியானவர் என்றால் நிலத்தோடு ஊர்த்தெருவில் வாழ்கிறவர். அந்தக் குடிகளின் கணக்கில் நம்மைச் சேர்க்கவில்லை. குடியின் கெட்ட பேரை மட்டும் நம்ம கணக்கில் எழுதிவிட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பெயரே இதற்கு ஒரு பாடம். விஜயநகர அரசர்கள் காலத்தில் லட்சுமி குமார தாத்தாச்சாரியார் என்பவர் இங்கே ஏரி போலப் பெரிய குளத்தை வெட்டினார், சஞ்சீவிராயர் கோயிலைக் கட்டினார் என்று தல வரலாறு சொல்கிறது. சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் இங்குள்ள நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருள்கிறார். வெட்டுவித்தவரின் அடையாளம் ஊருக்கே பெயராகிவிட்டது. மண் வெட்டியவர்கள், கூடை சுமந்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. குடியின் வரலாற்றில் மட்டும் இது தலைகீழாக இருக்கிறது. காய்ச்ச உரிமம் கொடுத்தவன், கடையை ஏலம் எடுத்தவன், வரியை எண்ணி வாங்கியவன், கூலிக்குப் பதிலாக ஊற்றிக் கொடுத்தவன், இவர்கள் யாருடைய பெயரும் பேச்சில் வருவதில்லை. குடித்தவன் பெயர் மட்டும்தான் வருகிறது.

*

முதலில் கூலியில் இருந்து தொடங்குவோம்.

பழைய செங்கல்பட்டு மாவட்டம் மிராசுதார்களின் மாவட்டம். 1891-இல் அதன் கலெக்டராக இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். உழுகிறவனுக்கு நிலமில்லை, குடிசை போட்டிருக்கும் மனைகூட மிராசுதாரின் பிடியில், வாங்கிய சொற்பக் கடனுக்குத் தலைமுறையாகப் படியாள் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். நிலமும் மனையும் கொடுக்கச் சொன்னார். 1892-இல் அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத் தொடர்ந்து வந்ததுதான். பத்து வருஷத்துக்கு அந்த நிலத்தை யாருக்கும் விற்கக்கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை இருந்தது.

அந்த நிலம் எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள். 'எல்லாம் குடிக்கு வித்துட்டானுங்க' என்று யாராவது ஒருத்தர் சொல்வார். விற்றவன் குடித்தானா என்பது இருக்கட்டும். வாங்கியவன் சட்டப்படி வாங்கவே முடியாத நிலத்தை வாங்கியிருக்கிறானே, அந்தச் சட்டமீறலை ஏன் யாரும் ஒழுக்கக்கேடு என்று சொல்வதில்லை? பஞ்சமி நிலத்தைக் கேட்டு 1994 அக்டோபரில் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் காரணையில் நம் மக்கள் போராடினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அவர்கள் கேட்டது நிலம். நிலத்தைப் பற்றிய கேள்வியை மூடி மறைக்கக் குடி ஒரு நல்ல துணி.

எங்க ஆயா சொல்லும்: "அறுப்புல கூலி நெல்லு குறையும், கள்ளு குறையாது. களத்துல ஒரு மொந்தை ஊத்துனா, கூலி எவ்ளோன்னு ஆரும் கேக்க மாட்டாங்க, அதான்." சாவு மோளத்துக்கு இன்றைக்கும் பேச்சு வார்த்தை அப்படித்தான். காசு இவ்வளவு, சரக்கு இவ்வளவு. இரவு முழுக்க அடிக்க வேண்டும், பிணத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டே நடக்க வேண்டும், குழி வெட்ட வேண்டும், எரிகிற பிணத்தைப் புரட்டிப்போட வேண்டும். சாக்கடைக் குழிக்குள் இறங்குகிறவர்களைக் கேட்டால், குடிக்காமல் இறங்க முடியாது என்று ஒளிவு மறைவில்லாமல் சொல்வார்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 2013-இல் கடுமையான சட்டம் வந்த பிறகும் விஷவாயுச் சாவுகள் நிற்கவில்லை. மூக்கையும் மனசையும் மரத்துப்போகச் செய்யாமல் ஒருத்தன் செய்ய முடியாத வேலையை ஒரு சாதியின் மேல் சுமத்திவிட்டு, மரத்துப்போக அவன் குடித்ததை அவன் குணம் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் வெள்ளை முதலாளிகள் கூலியின் ஒரு பகுதியை மட்டரக ஒயினாகவே கொடுத்தார்கள். 'டாப்' முறை என்று அதற்குப் பெயர். 1960-களில் சட்டம் போட்டுத் தடுத்தும் அதற்குப் பிறகும் பல காலம் நீடித்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகத்திலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் அந்தப் பகுதியும் ஒன்று. பிரிட்டிஷ் கடற்படை தன் மாலுமிகளுக்குத் தினம் ரம் அளந்து ஊற்றியது, 1970-இல்தான் நிறுத்தியது. கஷ்டமான வேலையை மலிவாக வாங்க நினைக்கிற எல்லா முதலாளிகளும் கண்டுபிடித்த வழி இது.

*

ஒழுக்கம் என்ற பேச்சு எப்போது வந்தது? சங்கப் பாட்டில் அதியமானும் ஔவையும் கள்ளைப் பகிர்ந்து குடித்ததை இலக்கியம் என்று படிக்கிறோம். திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. பௌத்தத்தின் ஐந்து சீலங்களில் கடைசியானது போதையை விலக்கச் சொல்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இலிருந்து நடத்திய 'தமிழன்' இதழில் நம்மைப் பூர்வ பௌத்தர் என்று நிறுவியபோது, அந்தச் சீலங்களையும் சேர்த்தே மீட்டெடுத்தார். இவை தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் ஒழுக்கங்கள். பக்கத்துத் தெருக்காரனுக்கு விதிக்கிறவை அல்ல.

கும்பினியும் அதற்குப் பின் வந்த வெள்ளை அரசும் குடியை வரியாகப் பார்த்தன. 1886-இன் சென்னை ஆப்காரிச் சட்டம், உரிமம் இல்லாமல் இறக்குவதையும் காய்ச்சுவதையும் குற்றமாக்கியது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம், சாராயத்துக்குப் பெரிய வடிசாலைகள். சென்னை மாகாணத்தில் நிலவரியோடு போட்டி போடுகிற அளவுக்கு அந்த வருமானம் வளர்ந்தது. சேரியின் பானையில் இருந்த கள் குற்றமாயிற்று. ஏலக்கடையில் விற்ற சாராயம் கஜானாவாயிற்று.

காந்தி வந்தார். 1933-34 அரிசன யாத்திரையில் ஊர் ஊராக நம் மக்களிடம் அவர் சொன்னதில் முக்கியமானது, செத்த மாட்டுக் கறியையும் குடியையும் விடுங்கள் என்பது. தீண்டுகிறவனிடம் 'திருந்து' என்று சொன்ன அதே மூச்சில், தீண்டப்படாதவனிடமும் 'திருந்து' என்று சொன்னார். தீண்டாமைக்கு நம்மிடமும் ஒரு காரணம் இருப்பது போல ஒரு தோற்றம் அதனால் உண்டாயிற்று. அவருடைய தொண்டராக ராஜாஜி 1929-இல் மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். முதலமைச்சரானதும் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார். அந்த வரி பிறகு போகவே இல்லை. சாராய வருமானமும் திரும்பி வந்துவிட்டது. இரண்டையும் கட்டுகிறவன் கூலிக்காரன்.

இதில் பெரியாரின் பாதை கவனிக்கத்தக்கது. கள்ளுக்கடை மறியல் காலத்தில் 1921-இல் தன் தோப்பில் 500-க்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தவர் அவர். அவரே பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதினார்.

அம்பேத்கரிடம் இது இன்னும் தெளிவாக இருக்கிறது. அவர் குடிக்காதவர். ஆனாலும் 1939-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மதுவிலக்குக்காக வருமானத்தை இழப்பதை எதிர்த்தார். அந்தப் பணத்துக்குக் கல்வி போன்ற அவசரத் தேவைகள் காத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். முதல் பொதுத்தேர்தலுக்கான ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் ஃபெடரேஷன் தேர்தல் அறிக்கையில் மதுவிலக்கை நீக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. அதே அம்பேத்கர் 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியபோது எடுத்துவைத்த 22 உறுதிமொழிகளில், குடிக்க மாட்டேன் என்பதும் இருந்தது. இது முரண்பாடு என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. போலீஸ் தடியோடு வருகிற ஒழுக்கத்தை அவர் மறுத்தார். நமக்குள் நாம் பேசி எடுத்துக்கொள்கிற உறுதியை அவர் கேட்டார். முதலாவதில் நாம் குற்றவாளிகள், இரண்டாவதில் நாம் மனிதர்கள்.

அரசியல் சாசனத்தில் மதுவிலக்கு 47-ஆவது பிரிவாகச் சேர்க்கப்பட்டபோது 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எதிர்த்துப் பேசியவர் ஆதிவாசித் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா. எங்கள் வழிபாட்டிலும் வாழ்விலும் அரிசிக் கள் இருக்கிறது, அதைத் தடுக்க உங்களுக்கு என்ன உரிமை என்பது அவர் கேள்வியின் சாரம். முனீஸ்வரனுக்கும் காட்டேரிக்கும் சாராயமும் சுருட்டும் படைக்கிற நமக்கு அந்தக் கேள்வி புரியும். ஆனால் அந்த 47-ஆவது பிரிவிலேயே ஒரு சின்ன வாசல் இருக்கிறது: மருத்துவத் தேவைக்கு விலக்கு.

*

அந்த வாசல் வழியாகத்தான் 'நோய்' உள்ளே வந்தது. யாருக்காக வந்தது என்பதுதான் கேள்வி.

மதுவிலக்குக் காலத்திலும் வசதியுள்ளவர்களுக்கு பெர்மிட் இருந்தது. டாக்டர் சீட்டோடு போனால், உடம்புக்காக இவர் குடிக்க வேண்டியிருக்கிறது என்று அரசே முத்திரை குத்தியது. குஜராத் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முழு மதுவிலக்கு மாநிலம் என்று பேர். அங்கே 'ஹெல்த் பெர்மிட்' முறை நீண்ட காலமாக இருந்து வருகிறது. இங்கே அதே காலத்தில் காலனிக்காரன் என்ன குடித்தான்? ஊறல் போட்டுக் காய்ச்சியதைக் குடித்தான். அதுவும் கிடைக்காதபோது வார்னிஷைக் குடித்தான். பிடிபட்டால் ஸ்டேஷனில் அடி, கோர்ட்டில் அபராதம், கட்ட முடியாவிட்டால் ஜெயில். ஒரே சட்டம், ஒரே திரவம். பெர்மிட் வைத்திருந்தவர் நோயாளி, பானை வைத்திருந்தவன் குற்றவாளி. நோய் என்பது அன்றைக்கு ஒரு சலுகைச் சீட்டு. நம் கைக்கு அது வரவில்லை.

மருத்துவத்தின் பக்கம் என்ன நடந்தது? 1784-இல் அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ், 1804-இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் தாமஸ் ட்ராட்டர், இருவரும் தீராக் குடியை நோய் என்று எழுதினார்கள். ரம் அளந்து ஊற்றிய கடற்படையின் மருத்துவரே இதைச் சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1849-இல் ஸ்வீடனின் மாக்னஸ் ஹுஸ் 'ஆல்கஹாலிசம்' என்று பெயர் வைத்தார். 1935-இல் அமெரிக்காவில் குடியிலிருந்து மீள விரும்பிய இருவர் சேர்ந்து தொடங்கியதுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. 1956-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை நோய் என்று ஏற்றது. 'அடிமை' என்ற சொல் குழப்புகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 1964-இல் 'சார்பு' என்ற சொல்லுக்கு மாறியது. இதை நோய் என்பதே கட்டுக்கதை என்று 1988-இல் ஹெர்பர்ட் ஃபிங்கரெட் என்ற தத்துவப் பேராசிரியர் ஒரு புத்தகமே எழுதினார். குடிப்பதைக் குறைத்துக்கொள்பவர்களும் தாமாகவே விடுபவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்களே என்பது அவர் வாதம். அதிலும் உண்மை இருக்கிறது. குடிக்கிற எல்லோரும் நோயாளிகள் அல்ல.

ஆனால் நோயாகிவிட்டவனின் உடம்பை நாம் தினம் பார்க்கிறோம். காலையில் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் கை நடுங்குகிறது. வருஷக்கணக்கில் ஊற்றிய மதுவுக்கு எதிராக மூளை தன்னை முறுக்கேற்றி வைத்திருக்கிறது. மது திடீரென்று நின்றால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சுகிறது. நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, காதில் குரல். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். வைத்தியம் இல்லாவிட்டால் உயிரே போகலாம். 'மனசு வச்சா ஒரே நாள்ல விட்டுடலாம்' என்று நாம் சொல்லும் புத்திமதியைக் கேட்டு ஒரே நாளில் விட்டவன் செத்துப்போகக்கூடும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், இந்த நோய்க்கு ஆளாகும் தன்மையில் ஏறக்குறையப் பாதி பரம்பரை வழியாக வருவதாகச் சொல்கின்றன. மீதிப் பாதி வாழ்க்கை. நம் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று மேலே சொல்லிவிட்டேன்.

மருந்தும் இருக்கிறது. 1948-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட டைசல்ஃபிராம், மது உள்ளே போனால் உடம்பைப் படாதபாடு படுத்தி ஒதுக்க வைக்கும். குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கலாம் என்று சுவரெல்லாம் விளம்பரம் செய்கிறார்களே, அப்படிச் செய்தால் ஆளையே கொன்றுவிடக்கூடிய மருந்து அது. ஏக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகள் பிறகு வந்தன. சென்னையில் 1980-லேயே டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை குடிநோய்க்கென்றே தொடங்கப்பட்டது. 'குடிகாரன்' என்பதற்குப் பதிலாகக் 'குடிநோயாளி' என்ற சொல் இன்று தமிழில் புழங்குகிறது. நல்ல சொல்தான். ஆனால் 2019-இல் எய்ம்ஸ் ஒன்றிய அரசுக்காக வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். நாட்டில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள். சுமார் 3 கோடிப் பேர் சார்பு நிலைக்குப் போனவர்கள். இவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. படுக்கையில் சேர்த்து வைத்தியம் பார்க்கப்பட்டவர் 180 பேரில் ஒருவர். அந்த ஒருவர் காலனியைச் சேர்ந்தவராக இருப்பாரா?

*

இனி நம் காலத்துக்கு வருவோம். 1948-இல் மாகாணம் முழுக்க வந்த மதுவிலக்கை 1971-இல் தி.மு.க. அரசு நீக்கியது, 1974-இல் அதே அரசு திரும்பக் கொண்டுவந்தது. 1981-இல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்தார். 1983-இல் டாஸ்மாக் பிறந்தது, மொத்த வியாபாரத்துக்காக. 1987-இல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. நாம் குடித்துவந்த மலிவான சரக்கு நின்றது, சீமைச் சரக்கு மட்டும் நின்றது. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. 2003-04-இல் 3,600 கோடி ரூபாய் அளவில் இருந்த வருமானம் 2023-24-இல் 45,855 கோடி. 2023 ஜூனில் 500 கடைகளை மூடியதற்குப் பிறகு 4,829 கடைகள் இருந்தன. 2024 பிப்ரவரியில் சாதாரணக் குவார்ட்டர் 140 ரூபாய் ஆனது. அதே 2024-25-இல் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி, முழுசாகக் கொடுத்தால், 319 ரூபாய்.

இந்தக் கணக்கில்தான் கருணாபுரம் வருகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கும் அந்தத் தெருவிலும் சுற்றுப் பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், அன்றாடம் காய்ச்சிகள். டாஸ்மாக்கைவிட மலிவு என்பதால் வாங்கியவர்கள். மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை முதலில் தின்னும், பிறகு ஆளைத் தின்னும். அதற்கு முந்தின வருஷம், 2023 மே மாதத்தில், மரக்காணம் பக்கத்திலும் நம்ம செங்கல்பட்டுப் பக்கத்திலும் 22 பேர் இதே விஷத்தால் செத்திருந்தார்கள்.

கருணாபுரத்துப் பிணங்களுக்குக் குடும்பத்துக்குப் 10 லட்சம் நிவாரணம் என்று அரசு அறிவித்ததும் தமிழ்நாட்டின் ஒழுக்கம் விழித்துக்கொண்டது. இவர்கள் என்ன சுதந்திரப் போராட்டத் தியாகிகளா என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கே போடப்பட்டது. டீக்கடையில், டிவியில், வாட்ஸ்அப்பில் அதே பேச்சு. விஷம் விற்றவனைப் பற்றிப் பேசியதைவிடச் செத்தவனின் யோக்கியதை பற்றிப் பேசியவர்கள் அதிகம். சாலை விபத்தில் செத்தவன் ஹெல்மெட் போட்டானா என்று கேட்டு நிவாரணத்தை நிறுத்துவதில்லை. சர்க்கரை நோயாளி இனிப்புத் தின்றான் என்று இன்சுலினை மறுப்பதில்லை. தலித் குடித்துச் செத்தால் மட்டும் அவன் சாவே அவனுக்குத் தண்டனை.

*

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, குடியை நியாயப்படுத்தியதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வாதத்தை நான் எங்க காலனியில் ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஓர் அக்கா எழுந்து கேட்டது இது: "நோயின்னா நோயாளி படுத்துல்ல கெடக்கணும்? எம் புருசன் நோயில ஏன் என் மண்டைய ஒடைக்கறான்?"

நோய் என்ற சொல்லை நாம் தூக்கிப்பிடித்தால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். எவ்வளவு போதையிலும் நம் ஆள் நிலக்காரர் வீட்டு வாசலில் போய் அவரை அடித்ததில்லை. எஸ்.ஐ.யை அடித்ததில்லை. கூலியைப் பிடித்துக்கொண்ட மேஸ்திரியை அடித்ததில்லை. தள்ளாடிக்கொண்டே தன் வீட்டுக்கு வந்து பொண்டாட்டியைத்தான் அடிக்கிறான். யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக்கூடாது என்பது அந்தப் போதையிலும் அவனுக்கு மறக்கவில்லை. ஆகவே அடி நோயின் வேலை அல்ல, ஆண் அதிகாரத்தின் வேலை. கை நடுங்குவது நோய். கை ஓங்குவது குற்றம். முதலாவதற்கு மருந்து வேண்டும், இரண்டாவதற்கு அவன் பதில் சொல்ல வேண்டும். ஊர்க்காரன் நமக்குச் செய்வதை நாம் வீட்டுக்குள் செய்துவிட்டு, அதற்கு மருத்துவச் சீட்டு வாங்க முடியாது.

குடியைப் பற்றி நம் பெண்கள் பேசியதெல்லாம் காந்தியின் ஒழுக்கமும் அல்ல, அரசின் வரிக்கணக்கும் அல்ல. ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்து தூபகுண்டாவில் 1992-இல் அறிவொளி வகுப்புக்குப் போன கூலிப் பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபரில் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995-இல் முழு மதுவிலக்கு, 1997-இல் வருமானம் போகிறது என்று அரசே அதை நீக்கிவிட்டது. அந்தப் பெண்கள் புருஷனைப் பாவி என்று பிரசங்கம் செய்யவில்லை. கூலிப்பணம் அடுப்புக்கு வந்து சேரவில்லை என்று சொன்னார்கள். தண்ணீர் வண்டி வராத ஊருக்குச் சாராய வண்டி மட்டும் தவறாமல் வருகிறதே என்று அரசைக் கேட்டார்கள்.

ஆகவே என் நிலைப்பாடு இது. குடிக்கு அடிமையாவது நோய். அந்த நோயைக் கூலியாகக் கொடுத்ததும், ஏலம் விட்டதும், வருமானமாக எண்ணுவதும்தான் ஒழுக்கக்கேடு. வீட்டில் அடிப்பது குற்றம். மூன்று சொற்களும் தேவைதான். சாதி பார்த்துப் பங்கிட்டுக் கொடுத்ததை மாற்றி, அதது சேர வேண்டிய இடத்தில் சேர்க்க வேண்டும்.

நோய் என்று சொல்வது மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல, வைத்தியம் கேட்பதற்காக. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கை நடுக்கத்தோடு வருகிறவனைத் திட்டி அனுப்பாமல் சேர்த்துக்கொள்ள ஒரு படுக்கையும், அந்த நாலைந்து நாளைக் கடத்த மருந்தும் வேண்டும். வட்டத்துக்கு ஒரு அரசுக் குடிநோய் மையம் வேண்டும். டாஸ்மாக் வருமானத்தில் இருந்தே அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். அடி வாங்கும் பெண் ஸ்டேஷனுக்குப் போனால், 'உங்க ஜனங்கள்ல இது சகஜம்தானே' என்று திருப்பி அனுப்பாமல் புகாரை எழுத வேண்டும். பிணத்துக்கும் சாக்கடைக்கும் நம்மைக் கூப்பிடுகிறவர்களிடம், சரக்கை நிறுத்திவிட்டுக் கூலியைப் பேசச் சொல்ல வேண்டும். அந்த வேலையையே விட்டுவிடுகிற நாள் வரைக்கும்.

நமக்குள் செய்துகொள்ள வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அம்பேத்கரின் உறுதிமொழியை நம் சங்கங்களில் நாமே பேசி எடுத்துக்கொள்வோம். எடுத்துக்கொண்ட பிறகு தவறி விழுகிறவனை, ஊர்க்காரன் சொல்கிற அதே வார்த்தையால் நாம் கூப்பிடக்கூடாது. அடுத்த முறை 'அதுங்க குடிச்சே அழிஞ்சுதுங்க' என்று யாராவது சொன்னால், கடை யாருடையது, நிலம் யாரிடம் இருக்கிறது, ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் வந்த பிறகு ஒழுக்கத்தைப் பற்றிப் பேசலாம்.